சிவப்புச் செருப்புக்கு வரி

"இது யாரோடது?" என்று சுங்க அதிகாரி தூக்கிக் காட்டியபோதுதான் அவள் அந்தச் செருப்பையே பார்த்தாள். கணவனின் சட்டைகளுக்கு நடுவிலிருந்து வந்திருந்தது. சிவப்பு. விரல் நீளத்துக்குக் குதிகால்.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் கணவனோடு ஒரு மாதம் தங்கிவிட்டு, அவனையும் விடுமுறைக்கு அழைத்துக்கொண்டு அப்போதுதான் விமானத்தை விட்டு இறங்கியிருந்தாள்.

"பழசு சார்," என்றான் கணவன் அவசரமாக. "போட்டுப் பழகினது."

"அப்ப சரி. சொந்தமா உபயோகிச்ச பொருளுக்கு வரி இல்ல. புதுசுன்னாதான் வரி." அதிகாரி பெட்டியை மூடப் போனார்.

அவள் மூடியைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு நிமிஷம் சார். ஏங்க, போட்டுப் பழகினது யாரு?"

கணவன் விழித்தான். "உனக்குத்தாம்மா வாங்கினேன்."

"நான் போட்டதே இல்லையே?"

"அதான், புதுசு."

"புதுசுன்னா வரி," என்றார் அதிகாரி.

"ஐயோ, பழசு சார்!"

"பழசுன்னா எவளோடது?"

வரிசையில் நின்றவர்கள் கழுத்தை நீட்டினார்கள். அவளுக்கு, அங்கே அவன் குடியிருப்பின் மாடி வீட்டு நர்ஸ் ஞாபகத்துக்கு வந்தாள். லிப்டில் அவனிடம் மட்டும் சிரிப்பவள்.

"அந்த நர்ஸோடதா?"

"சீ! அவங்க காலுக்கு இது பத்தவே பத்தாது!"

"கால் அளவு வரைக்கும் தெரிஞ்சிருக்கு!"

அதிகாரி செருப்பைத் திருப்பிப் பார்த்தார். "அடி தேஞ்சிருக்கு. பழசுதான். கிளம்புங்க."

"புதுசுன்னு எழுதுங்க சார்!" அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "எவ்வளவு வேணா கட்டுறோம்!"

"பழசுக்கு வரி வாங்கினா என் வேலை போயிடும்மா."

கணவன் தலையைத் தொங்கப்போட்டான். "உண்மையைச் சொல்லிடறேன் சார். புதுசுதான். வரியை மிச்சம் பண்ணலாம்னு, இவ குளிக்கப் போறப்பல்லாம் நானே போட்டு நடந்து தேச்சேன்."

"எங்க, நடந்து காட்டுங்க," என்றார்கள் அதிகாரியும் அவளும் ஒரே குரலில்.

நடந்தான். பாதிப் பாதம் வெளியே தொங்க, இடுப்பில் ஒரு கையை வைத்து எக்ஸ்ரே இயந்திரம் வரை போய், அங்கே ஒரு வெட்டு வெட்டித் திரும்பி வந்தான். ஒரு இடத்திலும் இடறவில்லை.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நர்ஸ் இருந்த இடம் தெரியாமல் போனாள். வரியை அவளே கட்டினாள். அங்கேயே போட்டும் பார்த்தாள். அளவெடுத்ததுபோல் இருந்தது.

"இதுவரைக்கும் ஒரு செருப்புகூட வாங்கித் தந்ததில்லையே, எனக்காகவா இவ்வளவு கஷ்டப்பட்டீங்க?" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

அங்கே கண்ணாடிக் கதவு வழியாக எல்லாவற்றையும் பார்த்தபடி தள்ளுவண்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த பெரியவர் கணவனைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"போன வருஷம் பச்சைச் செருப்புல தடுமாறினீங்களே சார், இந்தத் தடவை நடை நல்லா வந்துடுச்சு!"