ஒரே ராத்திரியில் அரை அடி

நேற்று மூன்றரை அடி இருந்த குழந்தை இன்று நாலடி ஆகியிருந்தது.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார். நேத்து மூணரைன்னீங்க," என்றான் ஆரோன்.

"அப்படியா சொன்னேன்?" அத்தாவுல்லா தன் சின்ன நோட்டைப் புரட்டினார். "சரி, நாலுன்னே வச்சுக்குங்க. நாலுக்கு எந்த ஸ்டிக்?"

ஆரோனுக்குப் பொறி தட்டியது. ஆள் இவர்தான்.

தாம்பரம் ஜி.எஸ்.டி. சாலையில் இருந்த அந்த விளையாட்டுப் பொருள் கடையின் முதலாளி ரத்தினம், திங்கட்கிழமை காலையில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டிருந்தார். வாடிக்கையாளர் வேஷத்தில் ஓர் ஆளை இந்த வாரம் அனுப்புவாராம். அவர் பார்த்துச் சொல்வதைப் பொறுத்து, விற்பனையாளர்கள் ஆரோன், கிட்டு இருவரில் ஒருவருக்குத்தான் அடுத்த மாதம் வேலையாம். ஆரோனின் மனைவி ஜான்சிக்கு இது ஏழாம் மாதம். வேலை போனால் எந்த முகத்தோடு வீட்டில் போய் நிற்பது? அன்றிலிருந்து கடைக்குள் யார் நுழைந்தாலும் சந்தேகம்தான். பந்துக்குக் காற்றடிக்க வந்த பாதிரியாரைக்கூட நாற்காலி போட்டு உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்தான்.

காட்டாங்குளத்தூர்ப் பக்கம் யாரோ குழந்தைகளுக்கு கோல்ஃப் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து, மட்டை கேட்டு ஆள் வருவது அதிசயமில்லை. ஆனால் மற்றவர்கள் குழந்தையோடு வந்தார்கள். இவர் நோட்டோடு வந்தார். முதல் நாள் எடுத்த எடுப்பிலேயே, பெரியவர்கள் ஆடும் மட்டையை அறுத்துச் சின்னதாக்கிக் கொடுத்தால் என்ன என்று கேட்டார். தலையாட்டியிருந்தால் அங்கேயே கதை முடிந்திருக்கும். அறுத்தாலும் மட்டைத் தலையின் கனம் குறையாது, தண்டு விறைத்து நிற்கும், பிள்ளையின் கைவீச்சே கெட்டுவிடும், வயதைவிட உயரம்தான் கணக்கு என்று ஆரோன் பொறுமையாக விளக்கினான். அவர் எழுதிக்கொண்டார்.

இன்று நாலடிக்கும் எடுத்துக் காட்டினான். பதினாலு மட்டை கொண்ட முழுப் பையை அவர் தடவிப் பார்க்க, "வேணாம் சார், சின்னப் பசங்களுக்கு அஞ்சு போதும்," என்று தடுத்தான். அதையும் எழுதிக்கொண்டார். இந்த நேரம் பார்த்து கிட்டு பல்லைக் காட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றான். அவனை மாடிக் கிடங்குக்கு விரட்டிவிட்டுத்தான் ஆரோன் மூச்சு விட்டான்.

மூன்றாம் நாள் குழந்தை இடக்கைப் பழக்கத்துக்கு மாறியிருந்தது. ஆரோன் உள்ளுக்குள் சிரித்தபடி அதற்கான மட்டையையும் காட்டினான். அத்தாவுல்லா குரலைத் தாழ்த்தினார்.

"சரக்கு எங்கேருந்து எடுக்கறீங்க தம்பி?"

வாடிக்கையாளரிடம் ஒளிக்காமல் பேசுகிறானா என்று நாணயத்துக்கு வைத்த பரீட்சை இது என்று ஆரோனுக்குப் புரிந்துவிட்டது. மொத்த வியாபாரியின் பெயர், போன் நம்பர், கோடை விடுமுறையில் எந்த அளவு அதிகம் போகும் என்பது வரை ஒன்று விடாமல் கொட்டினான். அவர் முகம் தெளியாததைப் பார்த்து, அங்கேயே வியாபாரிக்குப் போன் போட்டு, இவர் நம்ம ஆள்தான், நல்லா கவனியுங்கள் என்று சொல்லிப் பேசவும் வைத்தான்.

சனிக்கிழமை அத்தாவுல்லா தன் மனைவி சாஹிராவோடு வந்தார். கையில் இனிப்புப் பெட்டி. ஆரோனுக்கு உயிர் வந்தது. வேலை நிலைத்துவிட்டது. கிட்டுவை நினைக்கக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

"சார், நீங்க யாருன்னு எனக்கு ரெண்டாம் நாளே தெரியும்," என்றான் மெதுவாக.

அத்தாவுல்லா திடுக்கிட்டார். "தெரிஞ்சுமா தம்பி எல்லாத்தையும் சொன்னீங்க?"

"அது என் கடமை சார்."

அவர் கண் கலங்கி அவன் கையைப் பிடித்துக்கொண்டார். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனுஷனா என்று மனைவியிடம் சொல்லி மாய்ந்துபோனார். ஆரோனுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தக் குழந்தையை ஒரு நாளாவது கண்ணில் காட்டியிருக்கலாமே என்று சாஹிராவிடம் விளையாட்டாகக் கேட்டான்.

சாஹிரா இனிப்புப் பெட்டியை நீட்டினார். "எங்க சின்னப் பொண்ணே காலேஜ் முடிச்சிட்டா தம்பி. நாளைக்கு இங்க பக்கத்துலயே, சானடோரியத்துல எங்க ஸ்போர்ட்ஸ் கடை தொறக்கிறோம்ல, அதுக்குத்தான் இவரு உங்ககிட்ட டியூஷன் வந்தாரு."