வளையாத வண்டி

விசுவாசத்தைக் கண்டுபிடித்தவர்கள் வட்டநாட்டார்தான். அதற்கு முன்பு நாய்கள்கூட ஏதோ பழக்கத்தில்தான் வாலை ஆட்டிக்கொண்டிருந்தன.

வட்டநாட்டில் தேர்தல் கிடையாது. நாட்டைச் சுற்றி ஒரு சாலை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதில் கார்ப் பந்தயத் தொடர். பட்டம் வெல்லும் ஓட்டுநர் எந்த அணியோ, அந்த அணி நாட்டை ஆளும். மயிலணி, கெண்டையணி என்று இரண்டே அணிகள். மூன்றாவது அணி தொடங்கியவர்களும் உண்டு. அவர்கள் எல்லோரும் இந்த இரண்டில் ஏதாவது ஒன்றில் நலமாக இருக்கிறார்கள்.

ஒரு தொடர் உச்சத்தில் இருந்தபோது, ஆளும் மயிலணியின் முதன்மை ஓட்டுநர் பெருவழுதி வண்டியிலேயே மாரடைப்பில் இறந்துபோனார். உடலை இறக்கி அடக்கம் செய்தார்கள். வண்டியைக் கொட்டகையில் விட்டுப் பூட்டினார்கள். மறுநாள் காலை அது சாலையில் ஓடிக்கொண்டிருந்தது. இருக்கையில் அவருடைய ஹெல்மெட் மட்டும் இருந்தது.

யார் கிளப்பியது என்று ஒருவரும் கேட்கவில்லை. அணித்தலைவர் அம்பலவாணர் நிருபர்களை அழைத்தார்.

"ஐயா இறந்தாரே தவிர, அணியைவிட்டு விலகவில்லை. உயிரோடு இருக்கிற எந்த ஓட்டுநராவது நெஞ்சில் கைவைத்து இப்படிச் சொல்ல முடியுமா?"

முடியவில்லை. போன வாரம்தான் ஏழெட்டுப் பேர் அணி மாறியிருந்தார்கள். புள்ளிப் பட்டியலில் பெருவழுதியின் பெயர் அப்படியே முதலிடத்தில் நீடித்தது. உயிருள்ள ஓட்டுநர்கள் அவருக்கு வழிவிட வேண்டும் என்று முதல் ஆணை வந்தது.

ஒரே ஒரு சிக்கல். வண்டி வளையவில்லை. முதல் திருப்பத்திலேயே நேராகப் போய் அரிசிக் கிடங்கைத் துளைத்து மறுபக்கம் வெளியேறியது. விசுவாசத்துறை அமைச்சர் திருமேனியார் நேரில் பார்வையிட்டார்.

"வண்டியில் எந்தப் பழுதும் இல்லை. சாலைதான் வளைந்திருக்கிறது."

"கிடங்கு, ஐயா?" என்றார் ஓர் அதிகாரி.

"அது ஏன் அங்கே போய் நின்றது?"

இரண்டாவது ஆணைப்படி சாலைகள் நேராக்கப்பட்டன. வண்டி எந்தத் திசையில் போனதோ அதுவே சாலை. ஆஸ்பத்திரி போயிற்று, சந்தை போயிற்று. எல்லைச் சுவரில் முட்டி நின்றால் காவலர்கள் தூக்கித் திருப்பி விடுவார்கள். அவர்கள் திருப்பிய திசைக்கு 'ஐயாவின் முடிவு' என்று பெயர். மூன்றாவது ஆணைப்படி நாட்டின் பெட்ரோல் முழுவதும் அந்த வண்டிக்கு ஒதுக்கப்பட்டது. அது ஒருநாளும் பெட்ரோல் போட நின்றதில்லை. ஜனங்கள் நடந்தார்கள்.

வண்டிச் சத்தம் கேட்டால் பேச்சு நின்றுவிடும். பள்ளிப் பிள்ளைகள் அரிச்சுவடியைப் பாதியில் நிறுத்துவார்கள். அது கடந்த பிறகு, நடுவில் ஓர் எழுத்தை விட்டுவிட்டு அடுத்ததிலிருந்து தொடர்வார்கள். வாத்தியார்களும் திருத்துவதில்லை.

கெண்டையணி இந்த முறைகேட்டை வன்மையாகக் கண்டித்தது. தங்களுக்கும் அப்படியொருவர் தேவை என்பதால், தியாகம் குறித்து மூத்த ஓட்டுநர்களிடம் பேசிவருவதாக அறிவித்தது. மூத்த ஓட்டுநர்கள் அன்று மாலையே மயிலணியில் சேர்ந்தார்கள்.

மயிலணியில் இளநாகன் என்றொரு ஓட்டுநன் இருந்தான். புள்ளிகளில் இரண்டாமிடம். அணி மாறாதவன், அதைவிட, யாருக்கும் வழி விடாதவன். சக ஓட்டுநன் தாண்டவன் முந்தைய பந்தயத்தில் ஒதுங்கி நின்றதைச் சொல்லி அவனை டீக்கடையில் வைத்துக் கிழித்துக்கொண்டிருந்தான்.

"ஏண்டா தாண்டவா, காலி சீட்டுக்கு வழி விட்டியாமே? நாளைக்குக் காலி டம்ளரக் குடுத்தா டீன்னு குடிப்பியா?"

"அண்ணே, அது உங்க பின்னாடி வரட்டும், அப்பத் தெரியும்."

"என்ன தெரியும்? ஹெல்மெட்டுக்கு நீ இண்டிகேட்டர் போட்டியாம்ல! பெரிய மரியாதக்காரன்!"

கடை சிரித்தது. தூரத்தில் வண்டிச் சத்தம் கேட்டது. கடை சிரிப்பதை நிறுத்தியது.

கடைசிப் பந்தயத்துக்கு ஐயாவின் முடிவு தச்சர் தெருவை நோக்கி அமைந்தது. தெருக்கோடியில், குறுக்கே நிற்கும் முதல் வீடு இளநாகனுடையது. வெற்றிக்கொடி அந்த வீட்டுக்குச் சற்று முன்னால் நடப்பட்டது. உயிருள்ள ஒருவன் கொடியை முதலில் தாண்டிவிட்டால், காலி வண்டி தோற்ற வண்டியாகிவிடும். தோற்ற வண்டியைக் காவலர்கள் மடக்கி நிறுத்தலாம், சட்டத்தில் இடமிருக்கிறது. அது முதலில் தாண்டினால் அதைத் தொட ஒருவருக்கும் அதிகாரமில்லை. வீடு போகும், பின்னாலுள்ள தெருக்களும் போகும்.

"சாமானெல்லாம் எடுத்து வெளிய வெச்சிரட்டுமாங்க?" என்று கேட்டாள் மனைவி பூங்கோதை.

"ஒரு கரண்டிகூட எடுக்காத. எல்லார்கிட்டயும் சொல்லு. நான் இருக்கேன்ல?"

அவள் கையிலிருந்த கரண்டியைத் திரும்ப வைத்தாள். சரியென்று தலையாட்டினாள்.

பந்தயத்தில் இளநாகன் தொடக்கம் முதலே முன்னால் இருந்தான். காதிலிருந்த கருவியில் அம்பலவாணரின் குரல் வந்தது.

"தம்பி, ஐயா பின்னால வர்றார்."

"வரட்டும்."

"வழி விடுப்பா."

"அவரையே கேக்கச் சொல்லுங்க."

காதில் வெறும் இரைச்சல். யாரோ மூச்சு விடுவதுபோலவும் இருந்தது.

தச்சர் தெருவுக்குள் நுழையும்போது காலி வண்டி பக்கவாட்டில் நெருங்கியது. கண்ணாடி முழுக்க ஜனங்கள் வீசிய மாலைகள். காற்றில் அவை பிய்த்துக்கொண்டு பறந்தன. இளநாகன் திரும்பி உள்ளே பார்த்தான்.

ஹெல்மெட்கூட இல்லை. எப்போதோ விழுந்திருக்க வேண்டும். ஸ்டியரிங் அசையாமல் இருந்தது. இருக்கையில் காய்ந்த பூச்சருகுகள்.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. பார்த்ததைக் கத்திச் சொல்லத் தெருவின் பக்கம் திரும்பினான்.

தெரு முழுவதும் வாசலில் நின்றது. ஒருவர் கையும் தட்டவில்லை. எல்லோர் கையிலும் பூத்தட்டு. அவரவர் சாமான்கள் ஓரமாக ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. தெருக்கோடியில் பூங்கோதை நின்றாள். அருகே அவனுடைய கட்டில், அரிசிப் பானை, சுவரிலிருந்து கழற்றிய கல்யாணப் படம். அவள் அவனைப் பார்க்கவில்லை. பக்கத்து வண்டியைப் பார்த்துக் குனிந்திருந்தாள். தட்டைப் பிடித்த கையின் கீழிருந்து மற்றொரு கை மட்டும், யாருக்கும் தெரியாமல், ஓரமாகப் போ என்று அசைந்தது.

கொடி எதிரே வந்துவிட்டது.

இளநாகன் இண்டிகேட்டரைப் போட்டான். வேகத்தைக் குறைத்து இடப்பக்கம் ஒதுங்கினான். வண்டி கடந்து போகும்வரை தலையைக் குனிந்துகொண்டான்.