அறுபது இதயங்களுக்கு ஒரே படிவம்

சுண்டெலியின் இதயத் துடிப்பை ஒரே ஒருமுறை ஒலிபெருக்கி வழியாகக் கேட்டிருக்கிறேன். பக்கத்து அறையில் யாரோ நீளத் துணி ஒன்றைத் தையல் இயந்திரத்தில் நிறுத்தாமல் தைப்பது போல இருந்தது. எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அந்த ஆய்வு நிலையத்தில் அப்போது கடிதம் வரைவது என் வேலை. இதயம் திறப்பது, நாங்கள் அறுப்புக்காரி என்று கூப்பிட்ட பெண்ணின் வேலை.

ஏழு வருஷமாக அவள் தற்காலிகம். கொண்டைக்கடலை அளவு இதயத்துக்குள் சிவப்புச் சாயம் ஏற்றி, நுண்ணோக்கியின் கீழ் தசையை இழை இழையாகப் பிரிப்பாள். அவள் கை நடுங்கி யாரும் பார்த்ததில்லை. இதயத்துக்கே இரத்தம் ஊட்டும் தமனி மனிதருக்கு இதயத்தின் மேலே ஓடுகிறது. சுண்டெலிக்கோ புறப்பட்ட கொஞ்ச தூரத்திலேயே தசைக்குள் புகுந்துவிடுகிறது. அறுபது எலிகளில் அதைக் கண்டு அவள் எழுதினாள்.

அந்த வருஷம் மேலிடத்தில் ஒரே படிவம் என்பது நாகரிகமாகியிருந்தது. யானை முதல் எலி வரை எல்லா இதயத்துக்கும் ஒரே படிவம். தயாரித்தவர்கள் மனிதர்கள் என்பதால் மனித இதயத்தைப் பார்த்தே தயாரித்திருந்தார்கள். ஒன்பதாம் கேள்வி: 'தமனி மேற்பரப்பில் தெரிகிறதா?' அறுபது தடவை 'இல்லை' என்று எழுதியிருந்தாள்.

அவளை நிரந்தரமாக்கும் உத்தரவு இயக்குநர் மேசையில் தயாராக இருந்தது. படிவம் ஏற்கப்பட்டால் கையெழுத்து. மாதக் கடைசிக்குள் ஏற்கப்படாவிட்டால் உத்தரவு காலாவதி. அவளும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

படிவ அலுவலர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"என்னம்மா, அறுபதுக்கும் இல்லைன்னு போட்டிருக்கே? பத்துக்கு ஒண்ணுன்னா விட்டுடலாம். மேல போனா விளக்கம் கேக்கணுமே."

"எலிக்கு அப்படித்தான் சார். உள்ளேதான் ஓடும்."

"அது உன் விளக்கம். எலியோட விளக்கம் எங்கே?"

அறுபதும் ஏற்கெனவே காலமாகிவிட்டபடியால், வாரிசுகளிடம் விளக்கம் கோரப்பட்டது. கடிதம் என் கைவண்ணம்: 'மேற்படி தமனியை மேற்பரப்பில் அமைக்கத் தவறியமைக்காகத் தங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்பதை ஏழு தினங்களுக்குள் தெரிவிக்குமாறு...' கூண்டுக் கம்பியில் செருகினோம். மறுநாள் அதில் பாதியைக் காணோம். அலுவலகக் கடிதத்தைத் தின்றது இரண்டாவது குற்றமாகச் சேர்ந்தது. ஏழு நாளில் பதில் வராததால் குற்றம் ஒப்புக்கொள்ளப்பட்டதாகக் கருதி, மொத்தக் கூண்டையும் தகுதிநீக்கம் செய்தார்கள்.

அடுத்து, தமனி வெளியே தெரியும் எலிகள் வேண்டும் என்று விளம்பரம் போனது. ஒரு வியாபாரி, தம்மிடம் வேறு வகை எலியே கிடையாது என்று சான்றிதழோடு அறுபது எலிகளை அனுப்பிவைத்தார். அறுப்புக்காரி அறுபதையும் திறந்தாள்.

"சான்றிதழ் இருக்கேம்மா" என்றார் படிவ அலுவலர்.

"சான்றிதழ் வெளியே இருக்கு சார். தமனி உள்ளேதான் இருக்கு."

"சான்றிதழ்ல முத்திரை இருக்கு. எலி மேல ஏதாவது முத்திரை இருக்கா? அப்ப எதை நம்புறது, நீயே சொல்லு."

மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது இயக்குநர் அவளை அழைத்தார். நல்ல மனிதர். யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். குறிப்பெடுக்க நானும் உட்கார்ந்திருந்தேன்.

"உனக்குக் கை சுத்தம்னு எல்லாரும் சொல்றாங்க. மெல்லிசான தூரிகை ஒண்ணு எடுத்து, அந்தத் தமனியை மேலே சிவப்புல வரைஞ்சுடேன்."

"இல்லாததை எப்படி சார் வரையறது?"

"இல்லைன்னு யாரு சொன்னா? உள்ளே இருக்குன்னு நீதானே எழுதியிருக்கே. உள்ளே இருக்கறதை வெளியே காட்டறே, அவ்வளவுதான். பொய்யே கிடையாது."

அவள் என்னைப் பார்த்தாள். நான் குறிப்பேட்டைப் பார்த்தேன். வெளியே நடைபாதையில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்க என்ன சொல்றீங்க?"

"மூணு நாள்தான்டி இருக்கு. வரைஞ்சுடு. வேலை நிலைச்சப்புறம் நிஜத்தை நிதானமா எழுதிக்கலாம்."

வரைந்தாள். அறுபது இதயம், ஒவ்வொன்றிலும் கொடி போல ஒரு சிவப்புக் கோடு, கிளைகளோடு. அத்தனை அழகு. ஒன்பதாம் கேள்விக்கு அறுபது 'ஆம்'. பார்வையிட வந்த குழு சொக்கிப்போனது. இனி எல்லா ஆய்வகங்களின் எலிகளும் இந்த அறுபதைப் போலவே இருக்கவேண்டும் என்று சுற்றறிக்கை போனது. அதையும் நான்தான் வரைந்தேன். முதலில் சில ஆய்வகங்கள், எங்கள் எலிகளுக்கு உள்ளே அல்லவா ஓடுகிறது என்று எழுதிக் கேட்டன. பதிலுக்கு ஒரு புட்டி சிவப்பு மையும் ஒரு தூரிகையும் அனுப்பினோம். பிறகு யாரும் கேட்கவில்லை. இயக்குநருக்கும் படிவ அலுவலருக்கும் எனக்கும் பதவி உயர்வு வந்தது.

அவளுக்கும் உத்தரவு வந்தது. ஆனால் அறுப்பவர் பணியிடம் அந்த மாதம் காலியில்லை. அவள் தகுதி ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகிவிட்டதால், காலியாக இருந்த ஓவியர் பணியிடத்தில் நிரந்தரமாக்கினார்கள். ஓவியருக்குக் கத்தி வழங்க விதியில் இடமில்லை.

இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்து, முதுநிலை ஓவியராக ஓய்வு பெற்றாள். அதற்குள் அவள் இன்னொரு இதயத்தைத் திறக்கவே இல்லை.