கிண்ணம் வாங்கப் போன இன்ஸ்பெக்டர்

எனக்கு யாரையும் நம்பத் தெரியாது. புனே பக்கத்துச் சாகணில் கார் உதிரிபாகக் கம்பெனியில் எனக்கு வேலையே அதுதான். சரக்கு தருபவர்களின் பட்டறைக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய், எங்கே ஏமாற்றுகிறார்கள் என்று மோப்பம் பிடிப்பது. பால்காரர் சிரித்தால், இன்றைக்குத் தண்ணீர் கூடுதல் என்று நினைக்கிற ஆள் நான்.

இப்பேர்ப்பட்டவனைத்தான் என் மனைவி வித்யா தாய்லாந்துக்கு அனுப்பினாள். புனேயில் அவள் கைவினைப் பொருள் கடை நடத்துகிறாள். 'எல்லாம் கையால் செய்தது' என்று வாசலில் பெரிய போர்டு. அங்கே ஒரு கிராமத்தில் மாலி என்ற பெண்மணி உளியால் குடைந்து செய்யும் மரக் கிண்ணங்கள் தீபாவளிக்குள் வந்தாக வேண்டும். வராவிட்டால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

"கணபதி பண்டிகை நேரத்துல கடையை விட்டுட்டு நான் எப்படிங்க வர்றது? நிஜமாவே கைவேலைதானான்னு பார்த்து ஆர்டர் குடுத்துட்டு வாங்க, பஸ்" என்றாள். (புனேக்காரர்களுக்கு 'பஸ்' என்றால் அவ்வளவுதான் என்று அர்த்தம். எனக்கு எதுவும் அவ்வளவோடு நிற்காது.)

மாலி இளநீர் கொடுத்து வரவேற்றார். லஞ்சமோ என்று யோசித்துக்கொண்டே குடித்தேன். ஹோட்டலில் வேலை பார்த்தவர் என்பதால் ஆங்கிலம் நன்றாகப் பேசினார். கிண்ணங்களை வெர்னியர் காலிப்பர் வைத்து அளந்தேன். ஒரே மாதிரி இருந்தவற்றை மெஷின் வேலை என்றேன். வித்தியாசமாக இருந்தவற்றைத் தரமில்லை என்று ஒதுக்கினேன்.

"அப்ப எப்படித்தான் இருக்கணும்?" என்று கேட்டார் மாலி. நான் அடுத்த கிண்ணத்தை அளக்க ஆரம்பித்தேன்.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்குப் பின்னால் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. வசமாக மாட்டினார்!

"அங்கே என்ன?"

"ஒண்ணுமில்லை. சாப்பிடும்போது தெரியும்."

சாகணில் எத்தனை முதலாளிகள் இப்படிச் சாப்பாட்டைக் காட்டி மழுப்பியிருக்கிறார்கள்! செல்போனில் வீடியோவை ஓடவிட்டபடி பாய்ந்துபோய்ப் பின்கதவைத் தள்ளினேன்.

உள்ளே மாலியின் கணவர் மோட்டார் வைத்த துருவியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நான் சைவம் என்று வித்யா சொல்லியிருந்தாளாம். எனக்கென்றே புதுச்சட்டியில் காய்கறிக் குழம்பு கொதித்தது. கதவு இடித்ததில் தேங்காய்ப்பால் பாத்திரம் கவிழ்ந்து, அந்த மனுஷன் முழங்கால் வரை வெள்ளையாக நின்றார். வெட்கத்தில் என் காதெல்லாம் சுட்டது.

மாலி கத்தவில்லை. "எங்க பின்கட்டைப் பார்த்துட்டீங்க. உங்க கடையோட பின்கட்டை இப்பவே நான் பார்க்கணும். அப்புறம்தான் கிண்ணம்" என்றார்.

"தாராளமா!" என்று வீடியோ கால் போட்டேன். (எதற்கும் சந்தேகப்படுகிறவன், பெண்டாட்டி கடையை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பியிருக்கிறேன்.) எடுத்தது கடையில் உதவிக்கு இருக்கும் என் மைத்துனன் சுரேஷ்.

"ஸ்டோர் ரூம்ல இருக்கேன் அத்தான்."

"அதைத்தான் காட்டு."

வெள்ளந்தியாகக் காட்டினான். மொத்த வியாபாரியிடம் வாங்கிய கிண்ணங்கள் மலையாகக் குவிந்திருந்தன. "இந்த ஃபாக்டரி ஸ்டிக்கரைக் கிழிக்கறதுக்குள்ள உயிர் போகுது அத்தான்!" என்றான். கிழித்த இடத்தில் 'கைவேலை' என்று அட்டை ஒட்டியிருந்தான். மாலிக்குத் தமிழ் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

கடைசியில் கிண்ணம் கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு. மெஷின் சரக்கை மெஷின் சரக்கு என்று எழுதித்தான் விற்க வேண்டும். இப்போதும் மாலி திடீர் திடீரென்று வீடியோவில் வந்து ஸ்டோர் ரூமைக் காட்டச் சொல்கிறார். வித்யா ஓடிப்போய்க் காட்டுகிறாள்.

எனக்குத்தான் விமோசனம் இல்லை; தேங்காய்ப்பால் கதை குடும்பம் முழுக்கப் பரவிவிட்டது. மாமியார் வீட்டுக்குப் போனால், நான் செருப்பைக் கழற்றுவதற்குள் சமையலறைக் கதவை அகலத் திறந்துவிட்டு என் மாமியார் சொல்கிறார்: "மிக்ஸிதான் ஓடுது மாப்ளே. உள்ள வந்து பார்த்துட்டே உக்காருங்க."