மச்சான் எந்தக் கையால் சுற்றுகிறார்?

பெண் பார்க்கப் போன இடத்தில் "பொழுதுபோக்கு என்ன?" என்று கேட்டால், "ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிடுவதுதான் உத்தமம். சோம்பேறி என்று நினைப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும், கல்யாணத்துக்குப் பிறகு எப்படியும் தெரியப்போகிற விஷயம்தானே. நான் அப்படிச் சொல்லாமல் "மீன் பிடிப்பேன்" என்று சொன்னேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோயில் பிரகாரத்தில் இரண்டு வீட்டாரும் உட்கார்ந்திருந்தோம். எதிரே மகேஸ்வரி. ஒரு வக்கீல் ஆபீசில் வேலை பார்ப்பதாகச் சொன்னார்கள். எதிர்த்தரப்பு சாட்சியைப் பார்ப்பதுபோல் என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். எனக்கு அப்போதே பிடித்துவிட்டது. (கட்டினா இவளைத்தான்னு நான் முடிவு பண்ணிட்டேன். அவ என்ன முடிவு பண்ணினான்னு கேக்க யாருக்குத் தைரியம்?) அவளுக்குப் பக்கத்தில் அண்ணன் சுந்தரபாண்டி. ராணுவத்தில் ஹவில்தார், லீவில் வந்திருந்தார். அவருடைய வாட்ஸ்அப் படத்தில் ஒரு விரால் மீனைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு நிற்பார். அதை நான் முந்தின நாளே பார்த்து வைத்திருந்தேன். என் பொய்க்கு அதுதான் காரணம்.

"அப்படியா மாப்ள!" அவர் மீசைக்குள் சிரிப்பு பரவியது. "மூங்கில் தூண்டிலா, ரீலு வச்சதா?"

"ரீல்தான்" என்றேன். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் தரம் பார்க்கும் வேலை எனக்கு. நூல் சுற்றுகிற எதுவும் நமக்குப் பழக்கம்தானே என்று ஒரு துணிச்சல்.

"அப்ப அடுத்த ஞாயித்துக்கெழம எங்க ஊரு மம்சாபுரத்துக்கு வந்துருங்க. கண்மாயில தண்ணி நல்லாக் கெடக்கு. ரெண்டு பேரும் சேர்ந்து போடுவோம்" என்றார்.

அவளுடைய அப்பா தலையை ஆட்டினார். "நல்லதாப் போச்சு. மாப்ள வந்துட்டுப் போகட்டும். பொறவு கலந்து பேசிச் சொல்லுதோம்."

ஆக, என் கல்யாணம் ஒரு கண்மாயில் போய் மாட்டிக்கொண்டது.

அன்று சாயங்காலமே ஆன்லைனில் ரீல் வாங்க உட்கார்ந்தேன். படத்தை அழுத்தியதும் ஒரு கேள்வி வந்தது: இடது கையா, வலது கையா? அதுவரை என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. நான் வலது கைக்காரன்தான். ஆனால் எதற்கு வலது கை? கம்பைப் பிடிக்கவா, கைப்பிடியைச் சுற்றவா? "இடது கை ரீல்" என்றால் இடது கைக்காரர்களுக்கானதா, இடது கையால் சுற்றுவதா?

வீடியோக்களைப் பார்த்தேன். ஒருவர், வலுவான கையில் கம்பு இருக்க வேண்டும், அதனால் இடது கையால் சுற்று என்றார். இன்னொருவர், வலுவான கைதான் சுற்ற வேண்டும், மற்றதெல்லாம் பைத்தியக்காரத்தனம் என்று கோபித்தார். குடையைக் கம்பாகப் பிடித்துக்கொண்டு கூடத்தில் நின்று காற்றைச் சுற்றிப் பார்த்தேன். வலது கையால் சுற்றினால் சரியாக இருந்தது. இடது கையால் சுற்றினாலும் சரியாக இருந்தது. பென்சில் சீவுகிற கை எது, தையல் மெஷின் சக்கரத்தை உருட்டுகிற கை எது என்று யோசித்து யோசித்து, கடைசியில் சட்டைப் பொத்தானை எந்தக் கையால் போடுகிறேன் என்பதே மறந்துவிட்டது. மில்லில் ஃபிட்டர் அண்ணனைக் கேட்டேன். "ரெண்டுமே சரிதாம் தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். இதைவிட மோசமான பதிலை எனக்கு யாரும் சொன்னதில்லை.

இடது கை ரீல் சீக்கிரம் வந்து சேரும் என்று போட்டிருந்தது. அதையே வாங்கினேன். (இம்புட்டு ஆராய்ச்சிக்கும் முடிவு இதுதான்.)

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பும்போது அம்மா வாசல்வரை வந்தாள். "ஏலே, பொண்ணு வீட்டுக்காரவிய முன்னால எதையும் இடது கையால தொட்டுத் தொலைக்காத. தண்ணி குடுத்தாலும் வலது கையாலயே வாங்கு. அவியல்லாம் இத ரொம்பப் பாப்பாக" என்றாள். நான் தலையாட்டிவிட்டு பைக்கை எடுத்தேன். பாதி வழியில்தான் உறைத்தது. பையில் இருக்கிற ரீலை இடது கையால்தானே சுற்ற வேண்டும்!

சரி, மச்சான் சுந்தரபாண்டி எப்படிச் செய்கிறாரோ அப்படியே செய்துவிடுவோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

கண்மாய்க் கரையில் மாமா, அதாவது மகேஸ்வரியின் அப்பா, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மகேஸ்வரி ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். கையில் பெரிய அண்டா. பிடிக்கிற மீனை எடுத்துப் போகத்தான் அது. அதன் அளவைப் பார்த்ததும் எனக்கு வியர்த்தது.

மச்சான் தூண்டிலை வீசினார். நான் அவர் கையையே பார்த்தேன். இடது கையில் கம்பு, வலது கையால் சுற்றுகிறார். சந்தேகமே இல்லை, வலது கைதான். அம்மா சொன்னதும் அதேதான். என் ரீலின் கைப்பிடியோ இடது பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. என்ன செய்வது? சட்டென்று ஒரு யோசனை வந்தது. கம்பை அப்படியே தலைகீழாகத் திருப்பினேன். கீழே தொங்க வேண்டிய ரீல் மேலே வந்து உட்கார்ந்தது. கைப்பிடி வலது பக்கம் வந்துவிட்டது! இவ்வளவு சுலபமான விஷயத்துக்கா ஒரு வாரம் மண்டையை உடைத்தோம் என்று எனக்கே சிரிப்பு வந்தது.

வீசினேன். முள் நேராகப் போய்க் கருவேல மரத்தில் மாட்டியது.

"காத்து அப்படி மாப்ள" என்றார் மச்சான். ஒரு இலைகூட அசையவில்லை.

மரத்திலிருந்து எடுத்து மறுபடி வீசினேன். இந்த முறை தண்ணீரில் விழுந்தது. நிம்மதியாகத் திரும்பிப் பார்த்தால், மச்சானும் தன் கம்பைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்திருந்தார்! ஆக, நான் செய்ததுதான் சரி. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. செத்த நேரம்தான். திருப்பியதில் அவருடைய கைப்பிடி இடது பக்கம் போயிருந்தது. இப்போது இடது கையால் சுற்றிக்கொண்டிருந்தார்.

எனக்குத் தலை சுற்றியது. அப்படியென்றால் இடது கைதானா? அவசரமாக என் கம்பை நேராகத் திருப்பினேன். கொஞ்ச நேரத்தில் அவரும் நேராகத் திருப்பிவிட்டார். இப்போது மறுபடியும் வலது கை! நானும் மறுபடி தலைகீழாகத் திருப்பினேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பெருமூச்சு விட்டுக்கொண்டு மெதுவாகத் திருப்பினார்.

நாற்காலியில் இருந்த மாமா நாங்கள் இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கம்பைப் புரட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "டவுன்ல இப்படித்தான் போல" என்றார் பொதுவாக.

அந்த நேரம் பார்த்துத்தானா விரால் கடிக்க வேண்டும்? என் கம்பு வளைந்தது. கைப்பிடியை முன்பக்கமாகச் சுற்றினேன். அசையவே இல்லை. ரீலில் ஒரு சின்ன விசை இருந்தது. அதைத் தள்ளினேன். இப்போது வெண்ணெய் மாதிரிச் சுற்றியது. வெறி பிடித்தவன் மாதிரிச் சுற்றினேன். சுற்றச் சுற்ற மீன் கிட்டே வரவில்லை, தூரமாகப் போய்க்கொண்டே இருந்தது. (நூலு உள்ள வராம வெளிய போயிட்டு இருக்குன்னு அப்பத் தெரியாது. மீன் பலசாலின்னு நெனச்சேன்.)

மாமா எழுந்து நின்றுவிட்டார். "நூலு விட்டுக் குடுக்காக பாத்தியா? வெளையாட விட்டுப் புடிக்கப் போறாக!"

இப்படி ஒரு பாராட்டைக் கேட்டால் யார்தான் நிறுத்துவார்கள்? இன்னும் வேகமாகச் சுற்றினேன். திடீரென்று கை லேசானது. பார்த்தால், கைப்பிடி திருகு கழன்று என் கையோடு வந்துவிட்டது. அதிர்ச்சியில் கையை உதறினேன். டுபுக் என்று தண்ணீரில் விழுந்தது.

மச்சான் உதவிக்கு ஓடி வந்தார். தன் கம்போடு வந்ததால் அவருடைய நூலும் என் நூலும் பின்னிக்கொண்டன. நான் விராலை விடக்கூடாது என்று நூலைக் கையில் பிடித்தபடி தண்ணீரில் இறங்கினேன். ஒரு காலைத்தான் வைத்தேன். மற்றதைச் சேறு பார்த்துக்கொண்டது. கழுத்தளவு தண்ணீரில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். நூல் அறுந்து விரால் போய்விட்டது.

அப்போதுதான் மகேஸ்வரியின் குரல் வெடித்தது.

"ஏங்க! கம்பத் தலகீழாப் புடிச்சா எப்படிங்க மீன் வரும்? அறிவிருக்கா உங்களுக்கு? மொதல்ல வீசையிலயே தலகீழாத்தான் புடிச்சீங்க! இம்புட்டுப் பேரு நின்னு பாக்கீங்க, ஒருத்தருக்குமா வாய் இல்ல?"

"ஏட்டி, மாப்பிள்ளையப் போயி..." என்றார் மாமா.

"மாப்பிள்ளைன்னா முங்கிச் சாகட்டும்னு விட்ருவீகளா?"

மச்சான் தலையைச் சொறிந்தார். "தலகீழுன்னு தெரியும். மாப்ளகிட்ட எப்படிச் சொல்லுறது? தப்பா நெனச்சுக்கிடுவாகன்னு நானும் மரியாதைக்குத் திருப்பிப் புடிச்சேன்."

"நான் உங்களைப் பார்த்துத்தானே மச்சான் மாற்றினேன்!"

"ஐயோ, உங்களப் பாத்துல்ல நான் மாத்துனேன்!"

"அண்ணனுக்குப் பீச்சாங்கைப் பழக்கம்" என்றாள் மகேஸ்வரி. "கம்பு அந்தக் கையில, சுத்துறது இந்தக் கையில. அவுகளப் பாத்துச் செஞ்சா வெளங்குமா? அந்தத் திருகக் கழட்டிக் கைப்பிடிய அடுத்த பக்கம் மாட்டிக்கிட்டா முடிஞ்சுபோச்சு. எந்தக் கைக்கும் ஆகும்."

என்னிடம் மாட்டுவதற்குக் கைப்பிடி இல்லை. சேற்றிலிருந்து எழ முயன்று மறுபடி உட்கார்ந்தேன். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது. "எனக்கு மீன் பிடிக்கவே தெரியாது" என்றேன்.

"அது கோயில்லயே தெரியும்" என்றாள். "ரீலுன்னு சொல்லையிலயே உங்க மூஞ்சி வெளிறிப்போச்சு. வக்கீல் ஆபீசுல இதத்தான தெனமும் பாக்கேன்."

அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அழுகை வந்தது. முகம் ஏற்கெனவே நனைந்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. மச்சான் என் கக்கத்தில் கை கொடுத்து மேலே தூக்கிவிட்டார். மாமா துண்டை நீட்டினார். பிறகு மகனைப் பார்த்து, "ஏலே, உங்க அம்மைக்குப் போனப் போடு. தட்டு மாத்த நல்ல நாள் பாக்கணும்னு சொல்லு" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "மீன் போயிருச்சே மாமா..." என்று உளறினேன்.

"மீனு கெடக்குது. இதுவரைக்கும் பாக்க வந்த மாப்பிள்ளை ஒருத்தரையும் எம் பொண்ணு ஒரு வார்த்த வஞ்சதில்ல. நல்லவராத்தான் இருக்காகன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிருவா. அம்புட்டுத்தான், அந்தச் சம்மந்தம் முடிஞ்சிரும். இன்னைக்கு இந்த வசவு வையுதா. அதுக்கு மேல நான் என்னத்தக் கலந்து பேச?"

மகேஸ்வரியைப் பார்த்தேன். அண்டாவை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் காது சிவந்திருந்தது. சேறு சொட்டச் சொட்ட நின்ற எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம் அதற்குப் பிறகு கல்யாண மேடையில்கூட இல்லை.

கல்யாண மேடையில் இருக்க விட்டால்தானே? தாலியை எடுத்த நேரத்தில் பின்னாலிருந்து மச்சான், "மாப்ள, கைப்பிடி எந்தப் பக்கம்?" என்றார். மண்டபமே சிரித்தது. அன்றிலிருந்து அந்த வீட்டில் எது தலைகீழாக இருந்தாலும் அதற்குப் பெயர் "மாப்ள புடி". குழந்தைக்குச் சட்டையைத் திருப்பிப் போட்டால் மாப்ள புடி. செய்தித்தாளைத் தலைகீழாக வைத்திருந்தால் மாப்ள புடி. என் மாமியார் சிலிண்டர் போடுகிற பையனிடம், "தம்பி, மாப்ள புடி புடிச்சிராத" என்று சொல்வதை என் காதாலேயே கேட்டேன்.

மச்சான் லீவில் வரும்போதெல்லாம் இப்போதும் கண்மாய்க்குப் போகிறோம். போன தடவை நாங்கள் வீசிவிட்டு நிற்கையில், அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தன் கம்பைத் தலைகீழாகத் திருப்பினார். ஏன் மச்சான் என்று கேட்டேன். "மரியாதைக்கு மாப்ள" என்றார். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் கிண்டலா என்று மகேஸ்வரியிடம் முறையிட்டேன்.

"அவுகள அப்பறம் சொல்லலாம்" என்றாள். "மொதல்ல உங்க கம்பப் பாருங்க."

பார்த்தேன். தலைகீழாகத்தான் இருந்தது.