கண்ணாடிக்குள் ஊறிய கரைசல்

மீட்டர் வாயைத் திறக்கவே இல்லை.

சொட்டு சார் அதன் இரண்டு முனைகளையும் கண்ணாடி மேல் அழுத்திப் பார்த்தார், தேய்த்துப் பார்த்தார், கடைசியில் கெஞ்சியும் பார்த்தார். மின்சாரம் ஓடினால் "கீ" என்று கத்த வேண்டிய மீட்டர், கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி உம்மென்று கிடந்தது.

ஆய்வுக்கூடத்தில் அவருக்கு அந்தப் பட்டப்பெயர் வந்ததே இந்த வேலையால்தான். தகர உப்பைக் கரைத்து, சுழலும் தட்டில் வைத்த கண்ணாடி மேல் சொட்டுச் சொட்டாக விட்டுச் சூடு காட்டினால், கண்ணுக்கே தெரியாத ஒரு படலம் உட்காரும். அப்புறம் கண்ணாடியிலும் மின்சாரம் ஓடும். ஓட வேண்டும். வருஷக்கணக்காக ஓடவில்லை. ஆனால் மனிதர் மச்சினன்வரை எல்லாரிடமும் ஓடிவிட்டதாகச் சொல்லிவைத்திருந்தார்.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "என்னய்யா, ரெடியா? பணம் போடற கம்பெனிக்காரர் படியேறிட்டாரு. இன்னைக்கு இது கத்தலைன்னா பிரிவையே மூடிடுவாங்க. நீயும் நானும் கையைக் கோத்துக்கிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

"கத்தும் சார்."

மேனேஜர் தலை மறைந்ததும் சொட்டு சார் அலமாரியைத் திறந்தார். உள்ளே ஒரு கட்டுக் கண்ணாடி. பெரிய மெஷினில் படலம் பூசிக் கடையில் விற்கிற சரக்கு. ஒப்பிட்டுப் பார்க்க வாங்கியது. பார்வைக்கு எல்லாம் ஒரே அச்சு. ஒன்றை மேஜையில் வைத்துவிட்டு, தன்னுடையதை டிராயருக்குள் தள்ளினார். ஒரே ஒரு தடவைதானே என்று மனசாட்சிக்குச் சமாதானம் சொன்னார். எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள்.

பணம் போடுகிற கம்பெனியின் கோட்டுக்காரர் மேனேஜரோடு நுழைந்தார். பின்னாலேயே பையும் கையுமாக கோட்டுக்காரரின் உதவியாளர் அம்மா. சொட்டு சார் மேஜைக் கண்ணாடி மேல் மீட்டரை வைத்தார்.

"கீ!"

"அடேங்கப்பா!" என்றார் கோட்டுக்காரர். "எங்க கண்ணு முன்னாடி ஒண்ணு செஞ்சு காட்டுங்களேன்."

"இதோ, புதுசா ஒண்ணு எடுத்துட்டு வரேன்" என்று சொட்டு சார் அலமாரிக்குள் தலையை விட்டு, அதே கட்டிலிருந்து இன்னொன்றை உருவினார். சொட்டு விட்டார், சுற்றினார், சுட்டார், ஆறவைத்தார், மீட்டரை வைத்தார்.

சத்தமே இல்லை.

அவசரத்தில் கடைப் படலம் இருந்த பக்கத்தை அடியில் வைத்துவிட்டார்! படக்கென்று திருப்பிப் போட்டார். "கீ!"

"நீங்க அந்தப் பக்கம்தானே ஊத்துனீங்க?" என்று கேட்டார் கோட்டுக்காரர்.

"ஆமா சார்."

"கத்துறது இந்தப் பக்கம்."

"அது... ஊறி இறங்கிடுச்சு சார்."

"கண்ணாடியிலயா?"

"எங்க கரைசல் கொஞ்சம் வேகம் சார்."

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. கோட்டுக்காரரோ துள்ளிக் குதித்தார். "கண்ணாடிக்குள்ளயே இறங்குதா! பிரமாதம்! அம்மா, நம்ம கண்ணாடியை எடுங்க. வெறும் சாதாக் கண்ணாடி சார். இதுல போட்டுக் காட்டுங்க, கத்துச்சுன்னா இப்பவே கையெழுத்து."

கதை கந்தல். பதற்றத்தில் விட்ட கரைசல் பாதி தரையில், மீதியில் பாதி மேனேஜர் ஷூவில். கண்ணாடிக்குக் கிடைத்தது ஏதோ மிச்சம். சுடும்போது மச்சினன் முகம் கண்முன் வந்து பல்லைக் காட்டியது. சொட்டு சார் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு மீட்டரை வைத்தார்.

"கீ!"

தூக்கிவாரிப் போட்டது. மீட்டரைக் கீழே போட்டார். பொறுக்கியெடுத்து மறுபடி வைத்தார். "கீ!"

கோட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார். மேனேஜர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டே டீ குடிக்கக் கூட்டிப்போனார். சொட்டு சார் மட்டும் பேயறைந்தவர் போல நின்றார்.

"அப்ப என் கரைசல் நிஜமாவே வேலை செய்யுதா?" கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது.

உதவியாளர் அம்மா பையை மூடிக்கொண்டே பக்கத்தில் வந்தார்.

"அழாதீங்க சார். நீங்க ஜெயிச்சிட்டதா எங்க சார் போன மாசமே மேலிடத்துல சொல்லித் தொலைச்சிட்டாரு. அதான் உங்க பில்லைப் பார்த்து, நீங்க கட்டு வாங்கின அதே கடையில நானும் ஒண்ணு வாங்கிட்டு வந்தேன்."