பின்னால் வருபவர் கவனத்துக்கு

மாஸ்டரின் புது பைக்கைப் பின்னாலிருந்து இன்னொருவனும் இடித்துவிட்டுப் போய்விட்டான். மூன்று வாரத்தில் இது இரண்டாவது இடி. உடைந்த மட்கார்டைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலில் நின்றவரை மனைவி ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னும் ஒரே ஒரு இடி விழட்டும். வண்டி என் தம்பிக்குப் போயிடும். நீங்க பஸ்ல போங்க."

தம்பிக்காரன் உள்ளே உட்கார்ந்து மாஸ்டரின் ஹெல்மெட்டைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். மாஸ்டர் அதைப் பிடுங்கிக்கொண்டார். இருபத்தாறு வருஷமாக மோட்டார் சைக்கிள் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனால் ஊர் என்ன பேசும்?

வண்டியில் ஏபிஎஸ் பிரேக். எவ்வளவு அழுத்தினாலும் சக்கரம் இறுகி வழுக்காது. ஷோரூம்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: அவசரத்தில் ஹேண்டிலை நேராக வைத்து இரண்டு பிரேக்கையும் ஒரே பிடியாக அழுத்த வேண்டும், லிவர் நடுங்கினாலும் பயந்து விட்டுவிடக் கூடாது. மாஸ்டர் அப்படியே செய்தார். வண்டி ஆணி அடித்தாற்போல நின்றது. பின்னால் வந்தவன் நிற்கவில்லை.

அந்த முதல் இடிக்குப் பிறகு ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்: "ஏபிஎஸ் வண்டி. சட்டென நிற்கும். தள்ளி வரவும்." எழுத்து பொடிப்பொடியாக இருந்ததால், என்னதான் எழுதியிருக்கிறது என்று படிக்க ஒருவன் கிட்டே வந்தான். அவன்தான் இரண்டாவது ஆள்.

சரி, எழுத்துதான் சிறிசு என்று முடிவுகட்டி, தகரத்தில் பெரிய போர்டாகவே எழுதி மாட்டினார். அகலம் கொஞ்சம் கூடிப்போனதில் பக்கக் கண்ணாடியில் தெரு தெரியவில்லை, போர்டுதான் தெரிந்தது. பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்துச் சொல்ல மனைவியையே ஏற்றிக்கொண்டார். அவளும், கண்ணால் கண்ட சாட்சியாக இருக்கலாமே என்று மறுக்காமல் ஏறினாள்.

கடைத்தெருவில் நேரடி வர்ணனை தொடங்கியது.

"ஒருத்தன் வர்றான்... கிட்ட வர்றான்... இன்னும் கிட்ட வந்துட்டான்."

வர்ணனையில் மூழ்கிப் போயிருந்த மாஸ்டர், எதிரே குறுக்கிட்ட தள்ளுவண்டியைக் கடைசி நிமிஷத்தில்தான் பார்த்தார். இரண்டு பிரேக், ஒரே பிடி. லிவர் நடுநடுங்கியது. அவர் விடவில்லை. தள்ளுவண்டிக்கு ஒரு சாண் முன்னால் பைக் நின்றது.

பின்னால் தகரம் நசுங்கும் சத்தம் கேட்டது.

மனைவிக்குச் சிராய்ப்புகூட இல்லை. நிதானமாக இறங்கி, சாவிக்காகக் கையை நீட்டினாள். மாஸ்டருக்கு அழுகையே வந்துவிட்டது. அது வெளியே தெரிவதற்குள் இடித்தவன் மேல் பாய்ந்தார். பார்த்தால் அவனுடையதும் புது வண்டி, அதே மாடல், அதே ஏபிஎஸ்.

"ஏண்டா, உனக்கும் இதே பிரேக்தானே? உனக்கெல்லாம் எந்த மடையன்டா வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுத்தான்?"

கூட்டம் கூடிவிட்டது. அவன் ஹெல்மெட்டைக் கழற்றிப் பவ்யமாக ஒரு வணக்கம் வைத்தான்.

"நீங்கதான், மாஸ்டர். 'பிரேக்கை விட்டு விட்டுப் பிடி'ன்னு ஸ்கேலால விரல்லயே அடிச்சீங்களே, இந்த ஊர்ல நாங்க எல்லாருமே இன்னிக்கு வரைக்கும் அப்படித்தான் பிடிக்கிறோம்."